கொக்கிக்குப் பின்னால் நாலரை டன்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆற்றின் குறுக்கே நிற்கும் டேவிஸ் அணைக்கு அருகிலிருந்து ஒரு நெடுஞ்சாலை கிழக்கு நோக்கி மலையேறுகிறது. மாநிலச் சாலை எண் 68. சுமார் 18 கி.மீ. தூரத்துக்குள் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தை எட்டிவிடும் சாலை அது. கோடையில் அங்கே வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். பிக்கப் டிரக் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறியாளர்கள் வண்டிகளை இங்கே கொண்டுவந்து, பின்னால் பல டன் டிரெய்லரைக் கட்டி, ஏசியை முழுவதுமாக ஓடவிட்டு மலையேற்றுகிறார்கள். வெளி வெப்பம் குறைந்தது 38 டிகிரி இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 64 கி.மீ.க்குக் கீழே இறங்கக் கூடாது. பின்னால் இரட்டைச் சக்கரம் பூட்டிய பெரிய வண்டிகளுக்கு மட்டும் வேகத்தில் சற்றுச் சலுகை உண்டு. வழியில் என்ஜின் கொதித்தாலோ ஏதாவது பழுதானாலோ வண்டி தேறவில்லை என்று பொருள். எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 என்ற தரநிலையில் இது ஒரு பகுதி. 12 சதவீதச் சரிவில் நின்ற நிலையிலிருந்து முன்னும் பின்னும் திரும்பத் திரும்பக் கிளம்பிக் காட்டுவது, டிரெய்லரோடு வேகமெடுப்பது, ஆட்டம் அடங்குவது, பிரேக் பிடிப்பது என்று வேறு சோதனைகளும் அதில் உண்டு. 2008-இல் இந்தத் தரநிலை வெளிவரும்வரை ஒவ்வொரு நிறுவனமும் தன் இழுதிறனைத் தானே வகுத்த சோதனையால் தானே அறிவித்துக்கொண்டது. போட்டியாளர் ஓர் எண்ணைச் சொன்னால் அடுத்த ஆண்டு அதைவிடப் பெரிய எண் விளம்பரத்தில் வரும். 2011-ஆம் ஆண்டு டுன்ட்ரா வண்டியில் டொயோட்டா முதலில் இந்தத் தரநிலையை ஏற்றபோது, வண்டி மாறாமலே அதன் இழுதிறன் குறைந்தது. டெட்ராய்ட்டின் மூன்று பெரிய நிறுவனங்களும் 2015-வாக்கில்தான் வந்து சேர்ந்தன.

இவ்வளவு கடுமையான சோதனைக்குப் பிறகு வரும் எண்ணை நம்பலாம்தானே என்று வாங்குகிறவர் நினைப்பது நியாயம். சோதனை நேர்மையானது, எண்ணும் பொய்யில்லை. சிக்கல் அந்த எண்ணை நாம் படிக்கும் விதத்தில் இருக்கிறது. வண்டியின் நீளத்தைப்போல, என்ஜினின் கொள்ளளவைப்போல, இழுதிறனையும் வண்டிக்கே சொந்தமான ஒரு குணமாகப் படித்துவிடுகிறோம். உண்மையில் அது வண்டி, டிரெய்லர், சரக்கை அடுக்கிய விதம், வேகம், சரிவு, காற்று எல்லாம் ஒன்றுகூடி அந்த நேரத்துக்கு உண்டாக்கும் குணம். இவற்றில் ஒன்று மாறினாலும் எண் மாறும். அதே வண்டி, அதே எடை. நேற்று பத்திரமாக ஓடியது இன்று சாலையை விட்டு விலகலாம். இதை ஏற்பதற்கு முதல் தடையாக நிற்பது, இழுப்பது என்றாலே என்ஜினின் வேலை என்ற எண்ணம். அதைக் கணக்கால்தான் விலக்க முடியும்.

இரண்டரை டன் பிக்கப், நாலரை டன் டிரெய்லர், மொத்தம் ஏழு டன் என்று கொள்வோம். டேவிஸ் அணை ஏற்றத்தில் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் இந்த எடையை உயர்த்த மட்டும் சுமார் 60 கிலோவாட் வேண்டும். டயர்கள் உருளுவதற்கு 12, காற்றைக் கிழிக்க 13 என்று சேர்த்தால் 85. பல்சக்கரங்களின் இழப்பு, ஏசி எல்லாவற்றையும் கூட்டினாலும் 100 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 135 குதிரைத்திறன். இன்று விற்கும் ஃபோர்டு எஃப்-150 வண்டியின் மூன்றரை லிட்டர் டர்போ என்ஜின் தருவது 400 குதிரைத்திறன். ஆகவே ஏற்றுவதற்குப் பலம் போதாமல் போவது இன்றைய வண்டிகளில் அரிது. உண்மையான சோதனை வெப்பத்துக்கு. 100 கிலோவாட் வேலை வாங்க, பெட்ரோல் என்ஜின் அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆற்றலுள்ள எரிபொருளை எரிக்கிறது. மிச்சமுள்ள இரண்டு பங்கும் வெப்பமாகிறது. அதில் ஒரு பாதி புகைக்குழாய் வழியே போனாலும் மறுபாதியை, இன்னொரு 100 கிலோவாட்டை, 17 நிமிடம் விடாமல் ரேடியேட்டர் வெளியே தள்ளியாக வேண்டும், அதுவும் 40 டிகிரிக் காற்றில். அந்த ஊரும் அந்தப் பருவமும் சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட காரணம் இதுதான்.

ஏறியவர் இறங்கவும் வேண்டும். இறக்கத்தில் ஏழு டன்னும் 900 மீட்டர் உயரமும் சேர்ந்து 62 மெகாஜூல் ஆற்றலைத் திருப்பித் தருகின்றன. காற்றும் டயரும் தின்றதுபோக 35 மெகாஜூலுக்கு மேல் மிஞ்சும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடும் இதே ஏழு டன்னை ஒருமுறை நிறுத்த 2.7 மெகாஜூல் போதும். அப்படியானால் அந்த ஒரு இறக்கம், ஆறவிடாமல் பதின்மூன்று முறை முழு வேகத்திலிருந்து பிரேக் பிடிப்பதற்குச் சமம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவரின் பிரேக் தட்டுகள் சூடேறிப் பிடிமானம் இழக்கும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி அடங்காத நிலை அது. அதனால்தான் கியரைக் குறைத்து என்ஜினையே தடையாக்குகிறார்கள். டீசல் வண்டிகளில் புகைப் போக்கை நெருக்கி என்ஜினைத் திணறவைக்கும் தனி ஏற்பாடே உண்டு. இன்ன உயரத்திலிருந்து இன்ன வேகத்தில் இறங்கலாம் என்பதைக் காட்டும் எண் எதுவும் விளம்பரத்தில் இல்லை. விற்பனைக்கு உதவுவது இழுக்கும் எண்தான் என்பதால் அது மட்டும் பெரிய எழுத்தில் நிற்கிறது.

வெப்பமும் பிரேக்கும் பொறியாளர்களின் பொறுப்பில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஓட்டுநரின் கைக்கே வந்துசேரும் விஷயம் எடை எங்கே அமர்கிறது என்பது. மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுகிறவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று இரண்டையும் பார்த்துத்தான் மூட்டையை அடுக்குவார்கள். முன்னே கனத்தால் மாட்டின் கழுத்து நசுங்கும், பின்னே கனத்தால் நுகத்தடி மேலெழும்பும். டிரெய்லரிலும் அதே நெம்புகோல்தான் வேலை செய்கிறது. எடையின் பெரும்பகுதியை டிரெய்லரின் சக்கரங்கள் தாங்க, அமெரிக்க வழக்கப்படி 10 முதல் 15 சதவீதம் வரை டிரக்கின் கொக்கி மேல் இறங்க வேண்டும். நாலரை டன்னுக்கு எட்டில் ஒரு பங்கு என்று வைத்தால் 560 கிலோ. கொக்கி பின்னச்சுக்கு 1.3 மீட்டர் பின்னால் இருக்கிறது, இரண்டு அச்சுகளுக்கும் இடையே 3.7 மீட்டர் என்றால், பின்னச்சு 560-க்குப் பதிலாக ஏறக்குறைய 760 கிலோவைக் கூடுதலாகத் தாங்கும். முன்னச்சிலிருந்து 200 கிலோ குறைந்துபோகும். குறைவது எந்தச் சக்கரங்களில்? ஸ்டீயரிங் திருப்பும் சக்கரங்களில், பிரேக்கின் பெரும்பங்கைச் செய்யும் சக்கரங்களில். இழந்த எடையை முன்னே திருப்பித் தருவதற்காகவே வில்போன்ற எஃகுக் கம்பிகளால் கொக்கியை இறுக்கிப் பிடிக்கும் சமன்கொக்கிகள் வந்தன.

இந்தக் கொக்கிச் சுமை இன்னொரு கணக்கிலும் வந்து விழுகிறது. அமெரிக்காவில் விற்கும் பிக்கப்புகளில் ஓட்டுநர் கதவின் நிலையில் டயர், சுமை விவரம் அச்சிட்ட சிறிய தாள் ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அது சொல்லும். அந்த வண்டிக்கென்றே அச்சிட்ட எண் அது. தோல் இருக்கை, திறக்கும் கூரை, பெரிய சக்கரம் என்று வசதி கூடக்கூட அந்த எண் குறையும். வசதிகள் நிறைந்த ஒரு குடும்ப வண்டியில் அது 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கொக்கிச் சுமை 560 போனால் மிச்சம் 140. எழுபது கிலோ எடையுள்ள இரண்டு பெரியவர்கள் ஏறியதும் கணக்கு முடிந்தது. குழந்தைகள், நாய், குளிர்ப்பெட்டி, கொக்கியின் இரும்பு எல்லாம் வரம்புக்கு வெளியே. அதே வண்டியின் விளம்பரம் ஐந்து டன் இழுக்கும் என்கிறது. இரண்டும் உண்மை. தரநிலைச் சோதனை ஆளுக்கு 68 கிலோ வீதம் ஓட்டுநரையும் ஒரு பயணியையும் வைத்தே கணக்கிடுகிறது. குடும்பத்தோடும் படுக்கை விரிப்போடும் தண்ணீர்த் தொட்டியோடும் கிளம்புகிற வண்டி சோதனைக்கு நின்ற வண்டி அல்ல.

கொக்கிச் சுமை இவ்வளவு தொல்லை தருமானால் சரக்கைப் பின்னே தள்ளி அதைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். உயிரை வாங்குகிற யோசனை அதுதான், ஏன் என்று சற்று நின்று பார்க்க வேண்டும். டிரெய்லர் கொக்கியில் பூட்டப்பட்டு இடவலமாக ஆடக்கூடிய ஒரு நீண்ட பொருள். ஒரு லாரி கடந்துபோகும்போது அடிக்கும் காற்று அதை ஒரு பக்கம் தள்ளினால், டயர்கள் பக்கவாட்டில் சறுக்க மறுத்து அதை நடுவுக்கு இழுக்கின்றன. நடுவுக்கு வந்ததும் நின்றுவிடாது, வந்த வேகத்தில் மறுபக்கம் போகும். இந்த ஆட்டத்தைச் சிறிது சிறிதாக அடக்குவதும் டயர்தான். டயர் எவ்வளவு எதிர்க்கும் என்பது அது உருளும் திசைக்கும் உண்மையில் நகரும் திசைக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பொறுத்தது. டிரெய்லர் ஒரே வேகத்தில் பக்கவாட்டில் வீசுவதாக வைத்தால், முன்னோக்கிய வேகம் இரட்டிப்பாகும்போது அந்த வீச்சு உண்டாக்கும் கோணம் பாதியாகும். ஆட்டத்தை அடக்கும் விசையும் பாதியாகும். நடுவுக்கு இழுக்கும் விசையோ குறைவதில்லை. ஆட்டம் தொடர்கிறது, அடங்கத் தாமதமாகிறது. இன்னும் வேகம் கூட்டினால் ஒரு கட்டத்தில் அடக்குவது என்பதே இல்லாமல் போய், ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகும். அப்படிப் பெருகுவதற்கான ஆற்றல் வண்டியின் முன்னோட்டத்திலிருந்தே வருகிறது. அந்த எல்லை வேகம் டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்த ஒவ்வொரு கூட்டுக்கும் வேறு. எடை டிரெய்லரின் அச்சுக்குப் பின்னே நகர்ந்தால் அது மளமளவென்று இறங்கும். கொக்கிச் சுமையை மாற்றாமலே கூட அதைக் கெடுக்கலாம். முன்முனையில் ஒரு ஜெனரேட்டரையும் பின்முனையில் நாலு சைக்கிளையும் ஏற்றினால் தராசு சமமாகத்தான் நிற்கும், ஆனால் எடை இரு நுனிகளிலும் இருப்பதால் ஆடத் தொடங்கிய டிரெய்லரை நிறுத்துவது கடினமாகும். கிலோ கணக்கு முழுக்கச் சரியாக இருந்தும் கவிழ்கிற வண்டி இப்படித்தான் உருவாகிறது.

இதற்கெல்லாம் இப்போது மின்னணுக் கட்டுப்பாடு வந்துவிட்டதே என்பது வலுவான எதிர்வாதம், அதை எளிதில் தள்ளிவிட முடியாது. வண்டி நிலைதவறுவதை உணர்ந்து தனித்தனிச் சக்கரங்களைப் பிரேக் பிடிக்கும் ஏற்பாடு 2012 மாடல் முதல் அமெரிக்காவின் இலகுரக வண்டிகள் எல்லாவற்றிலும் கட்டாயம். அதன்மேலேயே டிரெய்லர் ஆட்டத்தைக் கண்டறியும் வசதியும் வளர்ந்தது. 2009 மாடல் எஃப்-150 அதோடு வந்தது. டிரக் இடவலமாகத் தாளகதியில் அசைவதைக் கண்டதும் அது என்ஜினைத் தணித்து, இடது வலது சக்கரங்களை மாற்றி மாற்றிப் பிடித்து ஆட்டத்துக்கு எதிராகத் தள்ளுகிறது. இது பல உயிர்களைக் காத்திருக்கும் என்று நான் நம்புகிறேன். ஓட்டுநர் இயல்பாகச் செய்வதோ தவறாகவே முடியும். பயந்து டிரக்கின் பிரேக்கை மிதித்தால் பின்னால் வரும் எடை கொக்கியை முன்னே தள்ளி, டிரக்கையும் டிரெய்லரையும் மடக்கிவிடும். செய்ய வேண்டியது காலை மெல்ல எடுத்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்கி, இரண்டையும் நீட்டிப் பிடிப்பது. ஆனால் மின்னணுவும் டயரின் பிடிமானத்தைக் கொண்டுதான் வேலை செய்கிறது. ஆட்டம் தொடங்கிய பிறகே அதற்குத் தெரியும். ஈரச் சாலையில், எடை குறைந்த முன்சக்கரங்களோடு, எல்லை வேகத்தை வெகுவாகத் தாண்டிவிட்ட ஒரு கூட்டை மீட்கப் போதுமான பிடிமானம் டயரிடம் இல்லையென்றால் மென்பொருளால் அதை உண்டாக்க முடியாது.

அப்படியானால் இன்னும் பெரிய வண்டி வாங்கினால் தீருமா? ஓரளவு தீரும். கனமான டிரக்கை டிரெய்லர் அவ்வளவு எளிதில் ஆட்டிவிடாது. ஆனால் பெரிய வண்டிகளின் மலைக்கவைக்கும் எண்களுக்குப் பின்னால் இருப்பதைக் கவனிக்க வேண்டும். 2023 மாடல் ஃபோர்டு சூப்பர் டியூட்டி வரிசையின் உச்ச இழுதிறன் 40,000 பவுண்டு, 18 டன்னுக்கும் மேல். அதன் டீசல் என்ஜின் 500 குதிரைத்திறன் கொண்டது என்பது மட்டும் காரணமல்ல. அந்த எண் பம்பருக்குக் கீழே உள்ள சாதாரணக் கொக்கிக்கு உரியதல்ல, சரக்குத் தட்டின் நடுவே, பின்னச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னேயோ பூட்டும் இணைப்புக்கு உரியது. அங்கே பூட்டினால் டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளும்போது டிரக்கின் வாலைப் பிடித்துத் திருப்ப அதற்கு நெம்புகோல் கிடைக்காது. இறங்கும் சுமையும் முன்னச்சைத் தூக்காது. அதனால் டிரெய்லர் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரைகூட அங்கே இறக்கலாம். அதே டிரக், அதே என்ஜின்; பூட்டும் புள்ளியை ஒன்றரை மீட்டர் முன்னே நகர்த்தியதும் எண் பெரிதாகிறது. இழுதிறன் வண்டிக்குள் மட்டும் இருக்கும் குணமென்றால் இது நடக்காது.

அட்லாண்டிக் கடலின் இரு கரைகளும் இதற்கு இன்னொரு சான்று. ஒரே மாடல் காருக்கு ஐரோப்பாவில் அறிவிக்கும் இழுதிறன் அமெரிக்காவில் அறிவிப்பதைவிடக் கூடுதலாக இருப்பதைப் பலமுறை காணலாம். என்ஜின் மாறியதால் அல்ல. ஐரோப்பிய வழக்கில் டிரெய்லரின் கொக்கிச் சுமை குறைவு. பல கார்களில் 75 முதல் 100 கிலோதான் வரம்பு. சுமை குறைந்தால் ஆட்டம் முன்னதாகவே தொடங்கும் என்று மேலே பார்த்தோம், அதை அவர்கள் வேகத்தால் ஈடுகட்டுகிறார்கள். ஜெர்மனியில் டிரெய்லர் கட்டிய காருக்கு மணிக்கு 80 கி.மீ.தான் வரம்பு, சில நிபந்தனைகளை நிறைவேற்றினால் 100. அமெரிக்காவில் கலிஃபோர்னியா 88 கி.மீ. என்று கட்டுப்படுத்துகிறது. பல மாநிலங்களில் டிரெய்லரோடு 110-ஐத் தாண்டி ஓட்டுவதும் சட்டத்துக்கு உட்பட்டதே. அவ்வளவு வேகத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கொக்கிச் சுமை வேண்டும், அதைத் தாங்கக் கனமான சட்டகம் வேண்டும், ஆகவே பிக்கப் வேண்டும். அமெரிக்கர்களுக்கு டிரெய்லர் இழுக்க ஏன் இவ்வளவு பெரிய வண்டி என்று ஐரோப்பியர் கேட்கும் கேள்விக்கு ஒரு நேர்மையான பதில், அவர்கள் தேர்ந்தெடுத்த வேகம். பெருமையும் நாகரிகமும் மீதிக் காரணங்கள் என்பதை நான் மறுக்கவில்லை.

இனி காற்று. இதை நீண்ட காலம் பெட்ரோல் தொட்டி மறைத்துவைத்திருந்தது, மின்சார டிரக் வந்ததும் வெளிச்சத்துக்கு வந்தது. எஃப்-150 லைட்னிங்கின் பெரிய பேட்டரி 131 கிலோவாட்-மணி. சுமையில்லாமல் 515 கி.மீ. வரை போகும் என்பது அரசு மதிப்பீடு. இழுதிறன் 10,000 பவுண்டு, அதாவது நாலரை டன். உயரமான பயண வீடு ஒன்றை அதில் கட்டி, மொத்தம் ஏழு டன்னாக, மணிக்கு 105 கி.மீ. வேகத்தில் சமதரையில் ஓட்டினால் காற்றின் எதிர்ப்பு 2,000 நியூட்டன், டயரின் எதிர்ப்பு 700 என்ற அளவில் வரும். அந்தக் கணக்கில் பேட்டரி 150 கி.மீ. சொச்சத்தில் தீர்ந்துவிடும். இப்போது எடையைத் தொடாமல் டிரெய்லரை மட்டும் மாற்றுங்கள். டிரக்கின் நிழலுக்குள் அடங்கும் தாழ்வான தட்டு வண்டியில் அதே நாலரை டன் இரும்புத் தகட்டை ஏற்றினால் காற்றெதிர்ப்பு பாதிக்கும் கீழே இறங்கி, தூரம் 275 கி.மீ. ஆகும். பயண வீட்டோடேயே வேகத்தை 90-க்குக் குறைத்தால் ஏறக்குறைய 40 கி.மீ. கூடும். மின்சார வண்டி இழுக்க லாயக்கில்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுகிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். பெட்ரோல் வண்டியும் அதே காற்றோடுதான் மோதுகிறது. 136 லிட்டர் தொட்டிக்குள் ஏறக்குறைய 1,200 கிலோவாட்-மணி ஆற்றல் இருப்பதால், அதில் பெரும்பகுதியை வெப்பமாக வீணடித்த பிறகும், தூரம் பாதியானது வலிக்கவில்லை. தூரம் என்று வரும்போது டிரெய்லரின் எடையைவிட அதன் முகத்தின் பரப்பே முக்கியம் என்பது இரண்டுக்கும் பொது.

இவ்வளவையும் அறிந்துதான் கொக்கியை மாட்ட வேண்டும் என்றால் சாதாரண மனிதர் எப்படி இழுப்பார் என்று கேட்கலாம். விவசாயியும் குதிரை வளர்ப்பவரும் கட்டடத் தொழிலாளியும் சூத்திரம் எழுதாமலே இதைப் பழக்கத்தால் அறிந்திருக்கிறார்கள், அது உண்மை. கவலை பழக்கம் இல்லாதவர்களைப் பற்றியது. ஸ்ட்ராட்டஜிக் விஷன் என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்கெடுப்பு ஒன்றில், பிக்கப் உரிமையாளர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்டுக்கு ஒருமுறையோ அதைவிடக் குறைவாகவோதான் எதையாவது இழுக்கிறார்கள் என்று தெரியவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரணக் கார் உரிமத்தோடு 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லரை இழுக்க வேண்டுமென்றால் மொத்தக் கூட்டும் மூன்றரை டன்னுக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேலே போகத் தனித் தகுதி வேண்டும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஏழு டன் கூட்டுக்கும் கார் உரிமமே போதும். ஆண்டுக்கு ஒருமுறை கட்டுகிறவருக்கு அது போதாது என்பதே என் கருத்து. ஒரு நாள் பயிற்சியாவது கட்டாயமானால் யாருக்கும் நட்டமில்லை.

அதுவரை அவர்களுக்கு எளிதில் கிடைக்கக்கூடிய உதவி ஒன்று உண்டு: எடைமேடை. அமெரிக்க நெடுஞ்சாலைகளின் லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற பெயரில் அவை இருக்கின்றன. ஒவ்வோர் அச்சையும் தனித்தனியாக நிறுத்துச் சீட்டுத் தருவார்கள், கட்டணமும் சிறியது. முதலில் எரிபொருள் நிரப்பி, குடும்பம் முழுவதும் ஏறி, டிரக்கை மட்டும் எடைபோட வேண்டும். அடுத்து டிரெய்லரோடு, சமன்கொக்கியின் கம்பிகளை மாட்டாமல் ஒருமுறை, மாட்டி ஒருமுறை. முதல் சீட்டைவிட இரண்டாவதில் டிரக்கின் இரண்டு அச்சுகளிலும் சேர்ந்து கூடியிருப்பது கொக்கிச் சுமை. அது டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தொடவில்லையென்றால் சரக்கை முன்னே நகர்த்த வேண்டும். முன்னச்சில் குறைந்துபோன எடையில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதை மூன்றாவது சீட்டு காட்டும். கம்பிகளை இன்னும் இறுக்குவதா தளர்த்துவதா என்பதை அந்த எண்ணையும் வண்டியின் கையேட்டையும் வைத்து அங்கேயே முடிவுசெய்துவிடலாம்.